முப்பதாவது சீட்டு

என் வாழ்க்கையில் நான் திருடியது ஒன்றே ஒன்றுதான். காசில்லை, நகையில்லை. ஒரு குழந்தையின் இடம். திருடிய பிறகு பதின்மூன்று வருஷம் அந்தக் குழந்தையின் வீட்டுக்கே போய், அவள் எப்படி வளர்கிறாள் என்று பார்த்துத் தாளில் குறித்துக்கொண்டு வருவதுதான் எனக்கு உத்தியோகமாக இருந்தது. இப்படியொரு தண்டனையை எந்த நீதிபதியும் யோசித்திருக்க மாட்டார்.

நான் பிறந்தது பூனாவை ஒட்டிய கிர்க்கி கண்டோன்மெண்டில். அப்பா பாளையங்கோட்டையிலிருந்து ராணுவ ஆபீசில் கிளார்க்காக வந்தவர். வீட்டில் தமிழ், தெருவில் மராத்தி, கடையில் இந்தி, பள்ளியில் இங்கிலீஷ். நாலு பாஷையிலும் சண்டை போடத் தெரியும் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. இன்பநாதனைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே பிம்ப்ரிக்கு வந்தேன். அவருக்கு மருந்துத் தொழிற்சாலையில் வேலை. காலனியில் இரண்டு அறை வீடு. எழுபத்து மூன்றில் எங்கள் மகன் எட்மண்டுக்கு மூன்று வயது.

அந்த வருஷம்தான் லிமயே பாயி எங்கள் காலனிக்கு வந்தார். பூனாவில் ஒரு கல்லூரியில் குழந்தை வளர்ப்புப் பாடம் நடத்துகிறவர். டீச்சரம்மாவை அங்கே பாயி என்றுதான் சொல்வார்கள். காலனியில் ஒரு பால்வாடி திறக்கப் போவதாகச் சொன்னார். முப்பது குழந்தைகளுக்கு நன்றாகப் பயிற்சி பெற்ற இரண்டு டீச்சர்கள், இரண்டு வருஷம். அந்த இரண்டு வருஷத்தின் பலன் பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்தும் நிற்கிறதா என்று அவர் பார்க்க வேண்டும்.

"கெட்டிக்காரப் பிள்ளைகளாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டு, பிறகு பார் பார் என்று மார்தட்டுவதில் என்ன இருக்கிறது?" என்றார். அதனால் காலனியில் மூன்று வயதுக் குழந்தைகள் அறுபது பேரையும் எழுதிக்கொள்வது, சீட்டு குலுக்கிப் போடுவது, முப்பது பேர் பால்வாடிக்கு, முப்பது பேர் வீட்டில். பிறகு அறுபது பேரையும் வருஷத்துக்கு ஒருமுறை வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது. அந்த வேலைக்கு எல்லா பாஷையும் தெரிந்த ஒருத்தி வேண்டியிருந்தது. நான் கிடைத்தேன்.

நியாயமான ஏற்பாடு என்று எனக்கும் தோன்றியது. என் பிள்ளையின் பெயரும் அந்த அறுபதில் ஒன்று என்று உறைக்கும்வரைதான்.

எட்மண்ட் பேச மாட்டான். வேண்டியதை விரலால் காட்டுவான், புடவையைப் பிடித்து இழுப்பான், அவ்வளவுதான். காது நன்றாகத்தான் இருக்கிறது, பொறுத்திருங்கள் என்றார் டாக்டர். பொறுமை எனக்கு எந்தக் காலத்தில் இருந்தது? "பாவம், ஊமையா?" என்று குழாயடியில் எவளாவது கேட்டால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், வீட்டுக்கு வந்து அழுவேன். பால்வாடிக்காக லிமயே பாயி வாங்கி வைத்திருந்த மணல் தொட்டியையும் படப் புத்தகங்களையும் பார்த்தபோதே, இவன் வாய் திறந்தால் இங்கேதான் திறப்பான் என்று முடிவு கட்டிவிட்டேன். "என்னிடம் வேலை பார்ப்பதால் உன் பிள்ளைக்குத் தனிச் சலுகை கிடையாது, ஃப்ளோரா. எல்லாரோடும் சேர்த்துச் சீட்டில் போடு" என்றார் பாயி.

ஜூன் மாதம், ஒரு சனிக்கிழமை, காலனி ஹாலில் குலுக்கல். ஒரு ஸ்டீல் வாளியில் அறுபது சீட்டு. எல்லாம் என் கையெழுத்து. எட்டு வயதுப் பெண் ஒருத்தி ஒவ்வொன்றாக எடுத்து என்னிடம் தருவாள், நான் உரக்கப் படிப்பேன், பாயி குனிந்த தலை நிமிராமல் நோட்டில் எழுதுவார். தமிழ்ப் பெயரும் தெலுங்குப் பெயரும் அவர் வாயில் நுழையாது என்பதால் படிக்கிற வேலை எனக்கு வந்தது.

இருபத்தொன்பது சீட்டு வந்துவிட்டது. எட்மண்ட் வரவில்லை. முப்பதாவதைப் பிரித்தேன். 'ஜோஸ்பின், தகப்பனார் சவரிமுத்து' என்று இருந்தது.

"எட்மண்ட் இன்பநாதன்" என்று படித்தேன்.

யாரும் சீட்டைக் கேட்கவில்லை. ஏன் கேட்கப் போகிறார்கள்? கசக்கி மற்றதோடு போட்டேன். வாளியில் மிச்சம் இருந்ததையும் சேர்த்து டீ போடுகிற அடுப்பில் நானே கொண்டுபோய்க் கொட்டினேன். வாய் தவறிவிட்டது என்று பிறகு எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். வாயெல்லாம் தவறவில்லை. நன்றாகத் தெரிந்துதான் செய்தேன்.

ஜோஸ்பினை எனக்குத் தெரியும். சவரிமுத்து எங்கள் தொழிற்சாலையிலேயே லோடிங் வேலை பார்க்கிறவர். அவர் மனைவி அந்தோணியம்மாளும் திருநெல்வேலிப் பக்கம். குலுக்கலுக்கு முந்தின வாரம் அறுபது குழந்தைகளையும் முதல்முறையாகப் பார்த்து எழுதியபோது, இந்தப் பெண்ணிடம் ஒரு சீப்பின் படத்தைக் காட்டினேன். சீப்பு என்றாள். எங்க வீட்டுச் சீப்புக்கு மூணு பல்லு இல்லை என்றாள். உங்க சீப்புக்கு எத்தனை பல்லு என்றாள். எழுதி எழுதி என் கைதான் வலித்தது. இந்த வாயாடிக்குப் பள்ளிக்கூடம் எதற்கு, இவள் தானாகப் பிழைத்துக்கொள்வாள், ஊமைக்குத்தானே வேண்டும்? இப்படித்தான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

குலுக்கல் முடிந்ததும் அந்தோணியம்மாள் என்னிடம் வந்தாள். பெண்ணுக்குப் புதுக் கவுன் போட்டுத் தலை சீவி அழைத்து வந்திருந்தாள்.

"போனாப் போகுதுக்கா, நம்ம ராசி அப்படி. உங்க பிள்ளைக்காவது கெடச்சுதே, அதுவே எனக்குச் சந்தோசம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நெஞ்சாரச் சொன்னாள். 

பால்வாடியில் அ, ஆ எழுத வைக்கவில்லை. அங்கே போய் நின்று பார்த்தால் சும்மா விளையாடுகிற மாதிரிதான் இருக்கும். காலையில் ஒவ்வொரு குழந்தையையும் "இன்றைக்கு நீ என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்பார்கள். ஒருத்தன் கட்டை அடுக்குவேன் என்பான். ஒருத்தி ரொட்டி தட்டுவேன் என்பாள். போகும்போது "என்ன செய்தாய்? எப்படிச் செய்தாய்?" என்று கேட்பார்கள். குழந்தை யோசித்துச் சொல்லும்வரை டீச்சர் காத்திருப்பார். மராத்தியில் சொன்னாலும் சரி, கையால் காட்டினாலும் சரி. ஒரு டீச்சருக்குத் தமிழும் தெலுங்கும் இருபது முப்பது வார்த்தை நானே எழுதிக் கொடுத்திருந்தேன்.

நாலாவது மாதம் ஒருநாள் வீட்டில் இன்பநாதனுக்கு நான் வாழைப்பழம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். "மலா பண் தே" என்று ஒரு குரல் கேட்டது. மராத்தியில், எனக்கும் குடு. திரும்பிப் பார்த்தால் எட்மண்ட் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான்.

"பரம்பரையே பாளையங்கோட்ட, பய மராத்தில வாயத் தொறக்கான் பாரேன்" என்று இன்பநாதன் சிரித்தார். நான் பழத்தைக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குள் போய்த் தேம்பித் தேம்பி அழுதேன். அவர் சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்தார். பாதி அதுதான்.

வருஷா வருஷம் நவம்பரில், தீபாவளி லீவில், தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அறுபது வீட்டுக்கும் போவேன். பெட்டியில் கட்டைகள், மணிகள், படங்கள், கேள்வித் தாள். பாயியின் சட்டம் ஒன்று உண்டு: கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். சரி என்றும் சொல்லக் கூடாது, தப்பு என்றும் சொல்லக் கூடாது. குழந்தை திணறினால் ஒரு எழுத்துகூட எடுத்துக் கொடுக்கக் கூடாது. அப்படிச் செய்தால் எழுதுவது குழந்தையின் பதிலாக இருக்காது, உன் பதிலாக இருக்கும் என்பார். இந்தச் சட்டத்தை நான் ஒரு வீட்டிலும் மீறியதில்லை. திருடிக்கு எவ்வளவு ஒழுக்கம் பாருங்கள்.

எழுபத்தாறில் ஜோஸ்பின் நகராட்சிப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். மராத்திப் பள்ளி, ஒரு வகுப்பில் அறுபத்தைந்து பிள்ளைகள். அவளுக்கு அதுவரை வீட்டுத் தமிழ்தான். சேர்ந்த முதல் வாரம், ஒன்றுக்குப் போக வேண்டும் என்று எழுந்து நின்று தமிழில் கேட்டிருக்கிறாள். டீச்சருக்குப் புரியவில்லை, உட்கார் என்று அதட்டினார். மறுபடி கேட்டாள். முதுகில் ஒன்று விழுந்தது. உட்கார்ந்த இடத்திலேயே போய்விட்டாள். வகுப்பு முழுக்கச் சிரித்தது. அந்தோணியம்மாள் இதை என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அதன் பிறகு அந்தப் பிள்ளை வகுப்பில் வாயே திறப்பதில்லையாம்.

அதே வகுப்பில்தான் எட்மண்டும் இருந்தான். அவனும் பால்வாடிப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரும் டீச்சரைக் கேள்வி கேட்டே நச்சரிக்கிறார்கள் என்று எனக்குப் புகார் வந்தது.

அந்த நவம்பரில் ஜோஸ்பினிடம் படத்தைக் காட்டினேன். படத்தைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தாள். என்ன சொன்னால் நான் அடிக்க மாட்டேன் என்று தேடுகிற பார்வை அது. நான் பாயியின் சட்டப்படி கல் மாதிரி உட்கார்ந்திருந்தேன். அன்று எப்படி வீட்டுக்கு நடந்து வந்தேன் என்று எனக்கு ஞாபகமில்லை.

எழுபத்தொன்பதில், பிள்ளைகள் நாலாம் வகுப்புக்கு வந்தபோது, ஒரு வேடிக்கை நடந்தது. பால்வாடிக்குப் போன பிள்ளைகளும் போகாத பிள்ளைகளும் கணக்கிலும் வாசிப்பிலும் ஏறக்குறைய ஒரே மார்க் வாங்கினார்கள். முதல் வருஷங்களில் இருந்த வித்தியாசத்தைக் காணோம். "உங்கள் மணல் தொட்டி நாலாம் வகுப்பிலேயே கரைந்துவிட்டதே" என்று கல்லூரியில் பாயியைக் கேலி செய்தார்களாம். அவர் முகம் வாடிப்போனது. எனக்கு மட்டும் அன்று நல்ல பசி எடுத்தது. பாயியோடு பூனா டெக்கான் பக்கம் ஒரு ஓட்டலில் காரசாரமாக இரண்டு பிளேட் மிசல் சாப்பிட்டேன். பால்வாடியால் ஒரு பிரயோஜனமும் இல்லையென்றால், நான் எதையும் திருடவில்லை அல்லவா?

பாயி சும்மா விடுகிறவரில்லை. "மார்க்கை மட்டும் பார்க்காதே. தெரியாத ஒன்றைக் கேட்டால் பிள்ளை என்ன செய்கிறது என்று எழுது" என்றார். எழுத ஆரம்பித்தேன். பால்வாடிப் பிள்ளைகள் தெரியாத கேள்வி வந்தால் முழித்துவிட்டு, கட்டையைத் திருப்பிப் பார்ப்பார்கள், "இன்னொரு தடவை சொல்லுங்க" என்பார்கள், இப்படி வைக்கலாமா என்று என்னையே கேட்பார்கள். ஜோஸ்பின் நான் கேள்வியை முடிக்கும் முன்பே "தெரியாது" என்பாள். தெரிந்த கேள்விக்கும் அதே பதில்தான். வருஷா வருஷம் அந்த ஒற்றைச் சொல்லை எழுதினேன்.

எண்பத்தாறு ஜூனில் பத்தாம் வகுப்பு எஸ்.எஸ்.சி. ரிசல்ட் வந்தது. பால்வாடிக்குப் போன முப்பது பேரில் இருபத்திரண்டு பேர் பரீட்சை எழுதியிருந்தார்கள். வீட்டில் இருந்த முப்பதில் பதினொரு பேர்தான். மற்றவர்கள் ஐந்திலும் ஏழிலும் எட்டிலும் நின்றுபோயிருந்தார்கள். பாயி அந்த இரண்டு எண்ணையும் கரும்பலகையில் எழுதிவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்தக் கணக்கைக் கொண்டுபோய் எந்த அதிகாரியிடமும் நின்று பேசலாம், இன்னும் பத்துக் காலனியில் பால்வாடி கேட்கலாம் என்றார். நான் தலையாட்டினேன். எட்மண்ட் பாஸ். மேதையெல்லாம் இல்லை, கணக்கில் முப்பத்தெட்டுதான். ஆனால் புரியாததைப் புரிகிறவரை விடமாட்டான். ஜோஸ்பின் எட்டாம் வகுப்பில் நின்றுவிட்டாள்.

பன்னிரண்டு, பதின்மூன்று என்று வருஷங்களை எண்ணிக்கொண்டிருந்த எனக்குக் கடைசிச் சுற்று மிச்சம் இருந்தது. வழக்கம்போல அறுபது வீடும், படிப்பை விட்ட பிள்ளைகளிடம் மட்டும் கூடுதலாக ஒரு கேள்வி: ஏன் விட்டாய்? ஜூலை மழையில் குடையும் பெட்டியுமாகக் கிளம்பினேன். நாற்பது வீடு, ஐம்பது வீடு முடிந்தது. ஜோஸ்பின் வீட்டைக் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே வந்தேன். அறுபதாவதாக அதுதான் நின்றது.

அவளுக்குப் பதினாறு வயது. ஜன்னலோரம் தையல் மெஷினில் உட்கார்ந்து யாருடைய ரவிக்கையையோ தைத்துக்கொண்டிருந்தாள். அந்தோணியம்மாள் தரையில் உட்கார்ந்து மேத்திக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஜோஸ்பின், நீ பள்ளிக்கூடத்தை விட்டதுக்குக் காரணம் என்ன?"

"எனக்கு மண்டைல ஏறாதுக்கா" என்றாள். வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்குச் சளி பிடித்திருக்கிறது என்பது போலச் சொன்னாள். "பொறப்புலயே மக்கு. அதான் விட்டுட்டேன்."

"ஆமாக்கா, நாங்க என்ன செய்ய? எங்க ராசி அப்படி" என்றாள் அம்மா. "படிப்பு இவளுக்கு எழுதல. அன்னைக்குச் சீட்டுலகூடப் பேரு வரலேல்லா."

நான் தாளில் பென்சிலை வைத்தேன். பிறப்பிலேயே மக்கு என்று எழுத வேண்டும். குழந்தை சொன்னதை அப்படியே எழுதுவதுதான் என் வேலை. பதின்மூன்று வருஷம் எதை வேண்டுமானாலும் எழுதிய கை, இதை எழுத மாட்டேன் என்றது.

"அது பொய்" என்றேன்.

இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒரு பதிலுக்கு நான் மறுபதில் சொன்னது அதுதான் முதல்முறை.

"உன் பேர் வந்துது, ஜோஸ்பின். முப்பதாவது சீட்டு உன்னோடது. நான்தான் மாத்தி எட்மண்ட் பேரைப் படிச்சேன். அந்த இடம் உன்னோடது."

அந்தோணியம்மாளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் எழுந்தாள், மடியிலிருந்த கீரை தரையெல்லாம் சிதறியது.

"என்னக்கா சொல்லுதீங்க? உங்க பிள்ளைக்காக எம்பிள்ளையத் தள்ளி விட்டீங்களா? வருசா வருசம் இங்க வந்து எங்கையால காப்பி வாங்கிக் குடிச்சீங்களே! எப்படிக்கா எறங்குச்சு அது?"

 அவள் ஒரு அறை கொடுத்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். கொடுக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். "நானும்லா சேந்து அவள மக்கு மக்குன்னு ஏசினேன். பெத்தவ நானே ஏசினேனே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஜோஸ்பின் எழுந்துபோய் அம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள். பிடித்த கையை விடாமல் என்னைப் பார்த்தாள்.

"அங்க என்ன செய்வாங்க?" என்று கேட்டாள்.

"விளையாடுவாங்க. கட்டை, மணல், தண்ணி. ஒரு ஜாடியிலிருந்து இன்னொரு ஜாடிக்குத் தண்ணி ஊத்துவாங்க."

"கீழ கொட்டிட்டா?"

"துணி குடுப்பாங்க. தொடச்சிட்டு மறுபடி ஊத்தலாம்."

"அடிக்க மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

ஜன்னல் பக்கம் பார்த்தாள். மழை பலத்தது.

"ஒண்ணுக்குப் போணும்னா?"

"கேட்டா விடுவாங்க, ஜோஸ்பின்."

"எந்த பாஷைல கேட்டாலுமா?"

"எந்த பாஷைல கேட்டாலும்."

அவள் முகம் கோணிக்கொண்டு வந்தது. பதினாறு வயதுப் பெண் ஆறு வயதுக் குழந்தை மாதிரி, வாயைத் திறந்து, சத்தமாக அழுதாள். அம்மா அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். என்னால் எழுந்து போகவும் முடியவில்லை, கிட்டே போகவும் முடியவில்லை. எனக்கு அந்தக் குழந்தையின் மேல் எவ்வளவு பாசம் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. வருஷத்துக்கு ஒரு நாள் பார்த்துப் பார்த்தே வளர்ந்துவிட்ட பாசம். சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

அழுகை அடங்கியதும் அந்தோணியம்மாள்தான் பேசினாள். என்னைப் பார்க்காமல், என் மடியிலிருந்த தாளைக் காட்டி, "எழுதுங்க அதுல. எம்மக மக்கு இல்லன்னு எழுதுங்க. காரணம் யாருன்னும் எழுதுங்க" என்றாள்.

எழுதினேன். தாள் மராத்தியில் இருந்ததால் மராத்தியில் எழுதினேன். படிப்பை விட்ட காரணம் என்ற இடத்தில், இவள் பெயர் குலுக்கலில் வந்ததையும், நான் அதை மறைத்து என் மகன் பெயரைப் படித்ததையும், இவள் அறிவில் ஒரு குறையும் இல்லை என்பதையும் எழுதி, கீழே என் முழுப் பெயரையும் போட்டேன். அம்மாவுக்கு மராத்தி வாசிக்கத் தெரியாது என்பதால், படித்துக் காட்டுவதற்காகத் தாளைத் தூக்கிப் பிடித்தேன்.

ஜோஸ்பின் கையை நீட்டினாள்.

"குடுங்கக்கா. நீங்க வாசிக்க வேண்டாம். நானே வாசிச்சுக்கிடுதேன்."

கொடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்துக்குப் போய் நின்று, ஒவ்வொரு வார்த்தையாக, விரல் வைத்து, உரக்க வாசித்தாள். வாசித்ததை அம்மாவுக்குத் தமிழில் சொன்னாள். நடுவில் ஒரு வார்த்தையில் நின்றாள். எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது, கடித்துக்கொண்டேன். தெரியாது என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். சொல்லவில்லை. வரியின் ஆரம்பத்துக்குப் போய் மறுபடி வந்தாள். அந்த வார்த்தையைப் பிடித்தாள். கடைசியில் என் பெயரையும் வாசித்தாள்.

"சரியாத்தான் எழுதிருக்கீங்க" என்றாள். தாளை நாலாக மடித்தாள். "இது எங்கிட்ட இருக்கட்டும்."

மேலே படிக்க வேண்டுமென்றால் நான் ஏற்பாடு செய்கிறேன் என்று ஆரம்பித்தேன். "அத நாங்க பாத்துக்கிடுதோம்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சிதறிக் கிடந்த கீரையைப் பொறுக்க உட்கார்ந்தாள். நானும் குனிந்து இரண்டு கை பொறுக்கிக் கொடுத்தேன். அதை வேண்டாம் என்று சொல்லவில்லை.

அங்கிருந்து நேராகப் பஸ் பிடித்துப் பூனாவுக்குப் போனேன். நனைந்த புடவையோடு லிமயே பாயியின் மேசையில் தாள்களை வைத்தேன். அவர் எண்ணிப் பார்த்தார். ஐம்பத்தொன்பது இருந்தது.

"ஒன்று குறைகிறதே, ஃப்ளோரா?"

"அதன் சொந்தக்காரியிடம் இருக்கிறது, பாயி" என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.